சபையில் வீசும் சொல் எங்கே விழுகிறது?

2025 மார்ச்சில், யாழ்ப்பாண மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் இராமநாதன் அர்ச்சுனாவின் உரைகளை 8 அமர்வு நாட்களுக்கு நேரலையில் ஒளிபரப்பக் கூடாது என்று சபாநாயகர் ஜகத் விக்கிரமரத்ன அறிவித்தார். பெண்களையும் பிற சமூகங்களையும் புண்படுத்தும் பேச்சுகளே காரணம் எனச் சொல்லப்பட்டது. தமிழர் குரலை அடக்குகிறார்கள் என்று சிலர் கொதித்தனர். நம் மானம் போகிறது என்று வேறு சிலர் தலையில் அடித்துக்கொண்டனர். இதை அர்ச்சுனா என்ற தனி மனிதரின் பிரச்சினையாக மட்டும் பார்த்தால் பெரிய விடயம் ஒன்று கண்ணில் படாமலே போய்விடும்.

நான் முந்தலில் இருந்து எழுதுகிறேன். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, களப்போரத்தில் இருக்கும் ஊர் இது. பக்கத்தில் உடப்பில் திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிக்கும் தமிழர்கள். சுற்றிவரச் சிங்களவர், முஸ்லிம்கள், கத்தோலிக்கர். புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போனால் 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள். ஒரே சந்தையில் மீன் வாங்கி, ஒரே பஸ்ஸில் போய்வரும் சனங்கள். எந்தச் சமூகத்தைப் பற்றிச் சபையில் இழிவாகப் பேசினாலும், அந்தச் சமூகத்தவர் ஒருவர் இங்கே யாரோ ஒருவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்.

சொல் என்ன செய்யும் என்பதை இந்த மாவட்டம் கண்டிருக்கிறது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து மூன்று வாரத்தில், 2019 மே 12 அன்று, சிலாபத்தில் முஸ்லிம் வியாபாரி ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரியை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டார்கள். பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. மறுநாள் வன்முறை வடமேல் மாகாணத்தின் பல ஊர்களுக்குப் பரவியது. எங்கள் மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் கொல்லப்பட்டார். சாதாரண மனிதர் ஒருவரின் ஒற்றை வரிக்கே இந்த விலை என்றால், ஆயிரக்கணக்கானோர் வாக்களித்து அனுப்பிய ஒருவரின் சொல்லுக்கு எவ்வளவு கனம் இருக்கும்?

போரைக் கடந்து வந்த நமக்கு இது புதிய பாடமும் அல்ல. 1981 ஜூனில் யாழ் நூலகம் எரிந்து கிடந்தது. அடுத்த மாதமே எதிர்க்கட்சித் தலைவர் அ. அமிர்தலிங்கத்துக்கு எதிராக அரச தரப்பு நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தது. அந்த விவாதத்தில் அரச உறுப்பினர் சிலர், அவருக்கு மன்னர் காலத்துக் கொடிய தண்டனைகளைக் கொடுக்க வேண்டும் என்று பேசினார்கள். ஓகஸ்டில் இரத்தினபுரிப் பக்கத்தில் தமிழர் தாக்கப்பட்டனர். 1983 ஜூலை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பேச்சுகள்தான் கலவரத்தை உண்டாக்கின என்று நான் சொல்லவில்லை. ஆனால் சட்டம் இயற்றும் இடத்திலேயே சொல்லக்கூடியதாகிவிட்ட ஒன்றை, தெருவில் செய்யத் துணிவது எளிதாகிவிடுகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. 1953ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சிறப்புரிமைச் சட்டப்படி, உறுப்பினர் சபையில் பேசியதற்காக அவர் மீது நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியாது. அரசைப் பயமின்றிக் கேள்வி கேட்பதற்காகக் கொடுக்கப்பட்ட காப்பு அது. அதே காப்புக்குள் நின்று ஓர் அரச ஊழியரையோ ஒரு பெண்ணையோ பெயர் சொல்லி இழிவுபடுத்தினால், அவர் திருப்பிப் பேச அந்தச் சபையில் இடமில்லை. ஹன்சார்ட்டில் இருந்து நீக்கச் சொன்னாலும், தொலைபேசிகளில் சுற்றும் காணொளியை யார் நீக்குவது?

மரியாதையாகப் பேசு என்றால் அடங்கிப் போ என்று அர்த்தமா? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றியும் காணி பற்றியும் பேசும்போதெல்லாம் நம்மை அமைதி காக்கச் சொன்னவர்கள் பலர். சிறுபான்மையிடம் மட்டும் கேட்கப்படும் நாகரிகம் நாகரிகம் அல்ல. 2018 நவம்பர் 16 அன்று சபைக்குள் மிளகாய்த்தூளும் கதிரையும் வீசப்பட்டன. சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸ் பாதுகாப்போடுதான் உள்ளே வர முடிந்தது. வீசியவர்கள் அப்போது மகிந்த ராஜபக்ஷவைப் பிரதமராக வைத்திருக்க நின்றவர்கள். விதி என்றால் அவர்களுக்கும் அதே விதிதான்.

ஆனால் அதே நெருக்கடியில் தமிழ்த் தரப்பு என்ன செய்தது? நாடாளுமன்றக் கலைப்புக்கு எதிராக இரா. சம்பந்தன் உயர் நீதிமன்றம் போனார். டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்களும் ஒருமித்து அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரண் என்றனர். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை எஸ்.ஜே.வி. செல்வநாயகம் எதிர்த்தபோது, இன்று அவர்களுக்கு நடப்பது நாளை நமக்கும் நடக்கும் என்று எச்சரித்தார். சட்டம் நிறைவேறிவிட்டது. அந்த எச்சரிக்கை ஹன்சார்ட்டில் நிற்கிறது, இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. எவரையும் வசைபாடாத பேச்சு அது. அதனால் அதன் கடுமை குறைந்ததா?

225 பேர் உள்ள சபையில் எண்ணிக்கை நம்மிடம் இல்லை. நம்மிடம் இருப்பவை ஆதாரம், கேள்வி, பதிவு, விதி. சபை கூச்சலாக மாறினால் முதலில் அமுங்குவது எண்ணிக்கையில் குறைந்தவர்களின் குரல்தான். உறுப்பினர் ஒருவர் வைத்தியசாலைக் குறைபாட்டையும் சொல்லி, கூடவே ஒருவரை இழிவாகவும் பேசினால், மறுநாள் செய்தியாவது இழிவு மட்டுமே. பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் தப்பிவிடுகிறார்.

ஒழுக்கவியல், சிறப்புரிமைகள் பற்றிய குழு ஒன்று சபையில் இருக்கிறது. அது ஆளும் தரப்பையும் எதிர்த்தரப்பையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். நேரலையை நிறுத்துவது நல்ல வழியும் அல்ல. நம் பிரதிநிதி என்ன பேசினார் என்று பார்ப்பது வாக்காளரின் உரிமை. பிழையான பேச்சை அதே சபையில் அவரே திரும்பப் பெறச் செய்வதுதான் பொருத்தம்.

மிச்சம் நம் கையில். பிரதிநிதி யாரையாவது ‘கிழித்து’விட்டார் என்று ஒரு காணொளி வந்தால், பகிரும் முன் ஒன்றைத் தேடிப் பார்ப்போம்: அவர் கேட்ட கேள்வி என்ன, அமைச்சர் சொன்ன பதில் என்ன? இரண்டுமே இல்லையென்றால், அன்றைய அமர்வில் நமக்காக எதுவும் நடக்கவில்லை.