பிள்ளையின் வேகமும் ஆசிரியரின் நேரமும்

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சில ஆண்டுகள் ஒரு பெரிய காரியம் நடந்தது. இன்று அதைப் பற்றிப் பேசுவார் குறைவு. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் 37,000-க்கும் மேற்பட்ட அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் முதல் நான்கு வகுப்புகளுக்கும் பரவிய செயல்வழிக் கற்றலைச் சொல்கிறோம். அது தொடங்கியபோது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் நடந்துவந்த அட்டைமுறையைப் பார்த்துவர ஆசிரியர்களை அனுப்பினார். அந்த முறைதான் இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஏற்ப மாறி வந்தது.

வகுப்பறையின் தோற்றமே மாறியது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை அடிக்கப்பட்டு, ஆளுக்கொரு பகுதி ஒதுக்கப்பட்டது. அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடத் தலைக்கு மேலே கம்பி கட்டினார்கள். வருகையைப் பிள்ளைகளே பதிந்தார்கள். பாடப்புத்தகம் சிறுசிறு அட்டைகளாகப் பிரிந்து தட்டுகளில் அடுக்கப்பட்டது. எந்த அட்டைக்குப் பிறகு எந்த அட்டை என்பதைச் சுவரில் மாட்டிய கற்றல் ஏணி காட்டியது. ஏணியைப் பார்த்துத் தன் அட்டையை எடுத்துவந்து, ஆறு குழுக்களில் அது சொல்லும் குழுவில் போய் உட்கார்வது ஆறு வயதுப் பிள்ளையின் பொறுப்பு. டீச்சரும் பாயில் உட்கார்ந்தார். பிரம்போடு நிமிர்ந்து நிற்பவரை அண்ணாந்து பார்த்த பிள்ளை, பக்கத்தில் இருப்பவரிடம் சந்தேகம் கேட்கப் பழகியது.

இந்த முறையின் மிகப் பெரிய நன்மை, பள்ளிக்கு வராத பிள்ளைக்குக் கிடைத்தது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிற பிள்ளைகள், அம்மைபோட்டுப் பத்து நாள் படுத்த பிள்ளைகள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. பழைய வகுப்பில் அந்தப் பிள்ளை திரும்பி வரும்போது பாடம் எங்கோ போயிருக்கும். புரியாத பாடத்தின் முன் வாய்மூடி உட்கார்ந்து, மக்கு என்று பெயர் வாங்கி, ஒருநாள் ஒரேயடியாக நின்றுவிடும். ஏணி முறையில் அது விட்ட அட்டை விட்ட இடத்திலேயே இருந்தது. எடுத்துத் தொடர்ந்தால் போதும். ஏழைப் பிள்ளையின் வாழ்க்கை எப்படி இருக்கிறதோ அதை அப்படியே ஏற்றுக்கொண்டு அமைந்த பாடமுறை தமிழகத்தின் பொதுக்கல்வியில் அதற்கு முன் இந்த அளவுக்கு வரவில்லை என்பது நம் கணிப்பு.

குழந்தைக் கல்வி முன்னோடி மரியா மாண்டிசோரி 1939இலேயே சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். போர்க்காலத்தை இந்தியாவிலேயே கழித்தார். குழந்தை தன் கையால் செய்து, தன் வேகத்தில், பயமில்லாமல் கற்க வேண்டும் என்ற எண்ணம் சென்னைக்கு அவ்வளவு பழையது. ஆனால் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகளைத் தாண்டி அது பெரிதாகப் போகவில்லை. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளை அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 2009இன் கல்வி உரிமைச் சட்டம், செயல்பாட்டின் வழியாக, குழந்தையை மையமாகக் கொண்டு, அச்சமற்ற சூழலில் கற்பிக்க வேண்டும் என்று 29ஆம் பிரிவில் எழுதிவைத்தது. அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 17ஆம் பிரிவு தடைசெய்தது. தமிழக வகுப்பறைகள் சட்டத்துக்கு முன்பே அந்த வழியில் நடக்கத் தொடங்கியிருந்தன.

பிறகு செயல்வழிக் கற்றல் ஏன் தேய்ந்தது? பெற்றோரைக் குறை சொல்வது எளிது. “நோட்டுல ஒண்ணுமே இல்லையே டீச்சர், விளையாடிட்டுத்தானே வர்றான்” என்று கேட்டவர்கள் உண்டு. கடன் வாங்கிப் பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டவர்கள் உண்டு. அவர்கள் கேட்டதில் நியாயமும் இருந்தது. அட்டை என்பது என்ன, ஏணி என்பது என்ன என்று அவர்களுக்குப் பொறுமையாக விளக்கிச் சொன்னவர்கள் குறைவு.

பெரிய கோளாறு வேறு இடத்தில் இருந்தது. பிள்ளையின் வேகத்தை மதித்த முறை, ஆசிரியரின் அறிவை மதிக்கவில்லை. ஒரே ஏணி, ஒரே அட்டைகள், கடலூர்க் கடற்கரைக்கும் நீலகிரி மலைக்கும் ஒரே வரிசை. தன் ஊர்ப் பிள்ளைக்கு ஏற்ற ஓர் அட்டையைத் தானே எழுதிச் சேர்க்கலாம் என்ற துணிவு ஆசிரியருக்கு வரவில்லை. வருவதற்கு மேலிடம் இடம் தரவில்லை. பார்வைக்கு வந்த அதிகாரி எந்தப் பிள்ளை எந்த அட்டையில் இருக்கிறது என்று கேட்டார். அந்த அட்டை பிள்ளைக்குப் புரிந்ததா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர், அவர்களில் ஒருவர் கூட்டத்துக்கோ கணக்கெடுப்புக்கோ போய்விட்டால் ஒருவரே என்ற நிலையில், ஆறு குழுவுக்கும் நடுவே ஓடும் அந்த ஒருவர் என்ன செய்வார்? கிழிந்த அட்டைக்கு மாற்று வருவதற்குள் பருவமே முடிந்துவிடும். 2012இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. பதிவேடுகள் கூடின. அட்டைகள் மெல்ல அலமாரிக்குள் போயின.

கொரோனா கால இழப்பை ஈடுகட்ட 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் நல்ல கூறுகள் இருக்கின்றன. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையறிந்து கற்பிக்கிறார்கள். பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் வகுப்புக்குள் வந்திருக்கின்றன. ஆனால் செயலியில் பதிவேற்றும் வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் ஓயாமல் சொல்லி வருகின்றன. இதை வேலைக்கு அஞ்சுகிறவர்களின் புலம்பலாக ஒதுக்குவது தவறு. ஏழு வயதுப் பிள்ளை எழுத்தைக் கூட்டி முதல்முறையாக ஒரு சொல்லை வாசிக்கும்போது, பக்கத்தில் இருப்பவரின் கண் கைபேசித் திரையில் இருந்தால் அந்தப் பிள்ளை யாரைப் பார்க்கும்? சிறு பிள்ளையின் மொழியும் துணிவும் தன்மேல் அதற்கு வரும் நம்பிக்கையும், தன்னைக் கவனிக்கும் ஒரு பெரியவரை நம்பியே வளர்கின்றன. மையத்தில் குழந்தையை வைக்கிறோம் என்று சொல்லிவிட்டு, அதைக் கவனிக்க வேண்டியவரைக் கணினி எழுத்தராக்குவதை இந்த இதழ் ஏற்கவில்லை.

நாம் கேட்பது இவைதான். தொடக்கப் பள்ளியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். தரவு ஏற்றும் வேலையை ஆசிரியரிடமிருந்து எடுத்துவிட வேண்டும். பாடப்பொருளில் ஒரு பகுதியை அந்தந்தப் பள்ளியின் ஆசிரியரே உருவாக்க உரிமையும் அதற்கான சிறு நிதியும் வேண்டும். சுவரில் பூசிய வண்ணத்தை விட இவற்றுக்கு மதிப்பு அதிகம்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறோம். ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரியுங்கள். குழுவில் இருக்கிற பெற்றோரைச் சந்தியுங்கள். சுற்றுச்சுவரும் கழிப்பறையும் பேசி முடித்த பிறகு, நம் டீச்சர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பிள்ளைகளோடு இருக்கிறார் என்று அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். வருகிற பதிலைத் தீர்மானமாக எழுதி மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். ஒரு நகலை நமக்கும் அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.