மூன்று கோல் போதும்

பொழுதுபோக்கு என்ற பெயரில் வீட்டுக்குள் நுழையும் சாமான்களுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. வேலை ஒன்று இருக்கும்; அதற்குரிய கருவிகள் ஒன்பது இருக்கும்; வேலை மட்டும் நடந்தேறாது. அமெரிக்க முறையில் ஒட்டுத் துண்டுப் போர்வை தைக்கப் புகும் சகோதரிகளுக்கு இந்த அபாயம் வெகு சமீபத்தில் காத்திருக்கிறது. ‘க்வில்ட்’ என்று அந்நாட்டார் வழங்கும் இப்போர்வை மூன்று அடுக்கு உடையது. சிறு துணித் துண்டுகளைச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி இணைத்தது மேல் அடுக்கு. நடுவே பஞ்சு விரிப்பு. அடியில் ஒரு முழுத் துணி. மூன்றையும் ஊடுருவித் தைத்தால் போர்வையாகிறது. கைக்கு வேலையும் கண்ணுக்கு விருந்துமான கலை இது என்பதில் ஐயமில்லை. ஆனால் இதற்கென்று விற்கப்படும் அளவுகோல்களின் வரிசையைப் பார்த்தால் திகைப்பே உண்டாகிறது. நீளக் கோல், சதுரக் கோல், முக்கோணக் கோல், அறுகோணக் கோல், விசிறிக் கோல் என்று ஒவ்வொன்றும், “நான் இல்லாமல் நீ எப்படித் தைப்பாய்?” என்று கேட்பதுபோல் தொங்குகின்றன. இவற்றுள் அவசியம் எது, ஆடம்பரம் எது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முற்காலத்தில் அமெரிக்கப் பெண்மணிகள் அட்டையில் வடிவம் வெட்டி, அதைத் துணிமேல் வைத்துப் பென்சிலால் கோடிட்டு, கத்திரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கி வந்தார்கள். 1979-ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்து ஓல்ஃபா நிறுவனம் சக்கரம்போல் சுழலும் கத்தியை விற்பனைக்குக் கொணர்ந்தது. பல மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் அறுக்கும் கத்தி அது. அதன் ஓட்டத்துக்கு வரம்பு கட்டத் தடித்த அக்ரிலிக் கோல் வேண்டியதாயிற்று. பள்ளிப் பிள்ளைகளின் மெல்லிய கோல் இதற்கு உதவாது. கத்தி அதன் விளிம்பைச் சீவிவிடும், அல்லது மேலே ஏறிவிடும். இரும்புக் கோலோ கத்தியின் கூரை மழுக்கும். அடியிலுள்ள துணியும் அதன் வழியே தெரியாது.

அளவில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். ஒரு துண்டில் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு மிகுந்தால் யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட 12 துண்டுகளை வரிசையாக இணைத்தால் முக்கால் அங்குலம் மிகுந்துவிடும். அடுத்த வரிசை சரியாக இருக்குமானால், இரண்டும் பொருந்தாமல் போர்வை நடுவில் உப்பிக்கொண்டு நிற்கும். பல மாத உழைப்பு அலமாரியின் அடித்தட்டுக்குப் போவது பெரும்பாலும் இவ்வாறுதான்.

முதலில் வாங்கத் தக்கது 6 அங்குல அகலமும் 24 அங்குல நீளமும் உள்ள கோல். இந்த நீளத்துக்குக் காரணம் உண்டு. போர்வைக்குரிய பருத்தித் துணி பொதுவாக 42 முதல் 44 அங்குல அகலம் உடையது. கரையோடு கரை சேர்த்து மடித்தால் 21 அல்லது 22 அங்குலம் ஆகும். ஆகவே 24 அங்குலக் கோல் மடிப்பு முழுவதையும் ஒரே வீச்சில் கடந்துவிடும். குட்டைக் கோலானால் நடுவில் நிறுத்தி நகர்த்த வேண்டும். நகர்த்திய இடத்தில் துணி கோணும். 30, 45, 60 பாகைக் கோடுகள் அதில் இருக்கின்றனவா என்றும் பார்த்து வாங்குவது நலம்.

இரண்டாவது, பன்னிரண்டரை அங்குலச் சதுரக் கோல். போர்வைக் கட்டங்கள் பல தைத்து முடிந்தபின் 12 அங்குலம் இருக்கும்படி அமைக்கப்படுகின்றன. நாற்புறமும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டுமாகையால், தைப்பதற்கு முன் கட்டத்தின் அளவு பன்னிரண்டரை. இக்கோலைக் கட்டத்தின்மேல் வைத்தால் பிசகு எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது, ஆறரை அங்குலச் சிறு சதுரம். சிறு துண்டுகளைச் சீர்செய்ய இதுவே வசதி. இதன் மூலைவாட்டுக் கோடுதான் முக்கோண வேலைக்கு உயிர்நாடி.

முக்கோணத்துக்கென்று தனிக் கோல் வேண்டாமா? பள்ளியில் வடிவ கணிதம் போதிக்கும்போது, “இது எதற்குப் பயன்படும், ஸார்?” என்று பிள்ளைகள் நம்மைக் கேட்பதுண்டு. இதோ ஒரு பயன். இரு முக்கோணங்கள் கூடி 3 அங்குலச் சதுரமாக வேண்டுமானால், அவற்றை எவ்வளவு பெரிய சதுரத்திலிருந்து வெட்டுவது? மூன்று பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட்டுக் கணக்கிட்டால், 2-உடன் அதன் வர்க்கமூலத்தைக் கூட்டி நாலால் வகுத்த தொகையைச் சேர்க்க வேண்டும். அது சுமார் 0.854. அமெரிக்கர்கள் அதை எட்டில் ஏழு பங்கு, அதாவது 0.875 என்று முழுமையாக்கிக் கொண்டார்கள். இன்னும் சுலபமான வழி, 4 அங்குலச் சதுரம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைவாட்டுக் கோட்டுக்கு இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டின் வழியே வெட்டி, சிறு சதுரக் கோலால் மூன்றரை அங்குலமாகச் சீர்செய்வது. கணக்குத் தெரிந்த வீட்டில் ஒரு கோலின் விலை மிச்சம்!

வாங்கும்போது மூன்றும் ஒரே நிறுவனத்தினுடையதாக இருத்தல் நன்று. கோடுகளின் பருமன் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மயிரிழை வித்தியாசமும் துண்டுக்குத் துண்டு பெருகும். ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கோடுகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மூலை செங்கோணந்தானா என்று அறிய, காகிதத்தில் நேர்கோடு இட்டு, அதன்மேல் கோலை வைத்துச் செங்குத்தாக ஒரு கோடு வரையுங்கள். கோலைப் புரட்டி வைத்து, அதே புள்ளியிலிருந்து மறுபடி வரையுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றானால் கோல் நேர்மையானது. அங்குலக் கணக்கில் தொடங்கிய வேலையைச் சென்டிமீட்டர்க் கோலால் தொடராதிருப்பதும் உத்தமம்.

நிற்க, கோலைவிட விரல் விலை உயர்ந்தது. கோல் வழுக்கினால் துணி மட்டும் அறுபடாது. கோலின் அடியில் மணல்காகிதத் துணுக்குகளை ஒட்டினால் பிடிப்பு உண்டாகும். விரல்கள் விளிம்பைத் தாண்டாதிருக்கட்டும். கத்தி உடலுக்கு எதிர்த்திசையில் செல்லட்டும். கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் கத்தியை மூடி வைப்பது குழந்தைகள் உள்ள வீட்டில் கட்டாயம்.

இத்தனையும் சொன்னபின் அலபாமா மாகாணத்தில் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அடிமைகளாயிருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், உழைத்துக் கிழிந்த ஆடைகளைக் கொண்டு அங்கே போர்வை தைத்தார்கள். குளிருக்காகத் தைத்தவை அவை. கோடுகள் சாய்ந்தும் வளைந்தும் செல்லும் அப்போர்வைகளை 2002-ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகரக் கலைக்காட்சிச் சாலை பார்வைக்கு வைத்தது. பின்னர் நியூயார்க் நகரின் விட்னி காட்சிச் சாலையிலும் அவை இடம்பெற்றன. 2006-இல் அமெரிக்கத் தபால் இலாகா அவற்றைத் தபால்தலைகளாகவே வெளியிட்டது.

அப்படியானால் கோல் எதற்கு என்று கேட்பது பொருந்தாது. அவர்களுடைய கண்ணே அளவாக இருந்தது. ஆயுள் முழுவதும் தைத்த கைகளுக்கு வாய்த்த அளவு அது. நமக்குக் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளுக்குக் கோல் ஒரு துணை. அந்தத் துணைக்கு மூன்று போதும். மீதிப் பணத்துக்கு நல்ல துணி வாங்கலாம்; அதுவும் வேண்டாமென்றால், வீட்டிலுள்ள பழைய வேட்டி புடவைகளே போதும். அலமாரியில் பத்துக் கோல் இருப்பதைவிடக் கட்டிலில் ஒரு போர்வை இருப்பது மேல்.