பச்சை உப்பும் பழைய காகிதமும்

சிவகாசியிலிருந்து என் அண்ணன் மகள் போன வாரம் வந்திருந்தாள். கையில் வழக்கம்போல் சாத்தூர் சேவு. வாயில் வழக்கத்தில் இல்லாத ஒரு சங்கதி.

"அத்தை, எங்க ஆபீஸிலே புதுசா ஒரு ஆளை வைச்சிருக்கோம். காபி கேட்கமாட்டார், லீவு கேட்கமாட்டார். எந்தக் காகிதத்திலே என்ன இருக்குன்னு கேட்டா உடனே சொல்லுவார். அவரைப் பழக்குற பொறுப்பு என் தலையிலே."

"கல்யாணம் ஆனவரா?" என்று கேட்டு வைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள். ஆள் மனிதரே இல்லையாம். செயற்கை அறிவு யந்திரமாம்!

சகோதரிகளே, இது ஆபீஸ்காரர்கள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் பெண்ணோ மருமகளோ நாளைக்கு இதே வேலையில் அமரக்கூடும். இல்லாவிட்டால் உங்களையே "நீங்கள் பொறுமைசாலி ஆயிற்றே, செய்யுங்கள்" என்று மானேஜர் உட்கார்த்தி வைப்பார்.

அவள் உத்தியோகம் பார்ப்பது ஒரு பட்டாசு கம்பெனியில். லைசென்ஸ், பரிசோதனைச் சான்று, வடநாட்டு வியாபாரிகளின் ஆர்டர், சம்பளப் பட்டியல், போர்மேனின் உத்தரவு என்று அங்கே காகிதத்துக்குக் குறைவில்லை. முன்பெல்லாம் அவை இரும்பு பீரோவில் இருந்தன. இப்போது ஷேர்பாயிண்ட் என்ற கணினிக் கிடங்கில் இருக்கின்றன. மைக்ரோஸாஃப்ட் கம்பெனி 2001-ல் வெளியிட்ட சரக்கு இது. உள்ளவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் காகிதங்களைப் போட்டு வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். அந்தக் கிடங்குக்கு ஒரு கேள்வி-பதில் உதவியாளரை நாமே அமைத்துக்கொள்ளும் வசதி 2024 நவம்பரில் வந்தது.

அமைப்பது பெரிய வித்தை இல்லையாம். அவருக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். எந்தெந்த அடுக்கிலுள்ள காகிதங்களைப் படிக்கலாம் என்று காட்ட வேண்டும். எப்படிப் பேச வேண்டும், எதைப் பேசக்கூடாது என்று நாலு வரி எழுதித் தர வேண்டும். மாதிரிக்கு இரண்டு மூன்று கேள்விகள். தீர்ந்தது, அரை மணி வேலை. பெண் காலையில் உட்கார்ந்தாள், கிடங்கு முழுவதையும் காட்டினாள், டிபன் வேளைக்குள் முடித்துவிட்டாள்.

மத்தியானம் சோதனைக்காக ஒரு கேள்வி போட்டாள்: "பச்சை வெளிச்சம் தரும் மத்தாப்புக்கு மருந்து என்ன?"

கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. மரியாதையான பதில், அளவுகளோடு. முதல் பொருள், பச்சை உப்பு!

பச்சை உப்பு என்பது சிவகாசிப் பக்கத்தில் பேரியம் நைட்ரேட்டுக்கு வழங்கும் பெயர். காற்று மாசைக் கருதி 2018 அக்டோபர் 23-ல் சுப்ரீம் கோர்ட் பேரியம் உப்புகளைப் பட்டாசில் சேர்க்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. சரவெடிக்கும் அதே தீர்ப்பில்தான் தடை விழுந்தது. 2021-லும் 2023-லும் பேரியத் தடையைக் கோர்ட் மறுபடி உறுதி செய்தது. இத்தனையும் அந்த ஆபீஸில் குழந்தைக்குக்கூடத் தெரியும். யந்திரத்துக்குத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? அங்கேதான் சூட்சுமம். பழைய மருந்துப் பட்டியல் சுத்தமாக டைப் செய்யப்பட்டிருந்தது. புதிய பட்டியலோ, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிப் படம் பிடித்துப் போட்ட காகிதம். மனிதர் கண்ணுக்கு அது எழுத்து. எழுத்தாக மாற்றித் தராதவரை கிடங்கில் தேடுகிற யந்திரத்துக்கு வெறும் படம். படிக்க முடிந்ததைப் படித்து, படித்ததைச் சொல்லிவிட்டது. எது செல்லும், எது செல்லாது என்று அதற்கு யாரும் சொல்லி வைக்கவில்லையே!

கந்தகத்தையும் குளோரேட்டையும் ஒன்றாகக் கலப்பதற்கு 1992-லேயே நம் நாட்டில் தடை வந்துவிட்டது. லேசான உராய்வே போதும், அந்தக் கலவை பற்றிக்கொள்ளும். அதற்கும் முற்பட்ட குறிப்பு ஒன்று ஏதாவது மூலையில் கிடந்து, அதை இந்த மகானுபாவர் யாருக்காவது எடுத்து நீட்டியிருந்தால்? பெண் இதைச் சொன்னபோது கையிலிருந்த சேவைத் தட்டில் வைத்துவிட்டேன். 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டதை அந்த வட்டாரத்தில் யார் மறந்தார்கள்? அந்த விபத்துக்கும் கணினிக்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் மருந்து விஷயத்தில் "ஏறக்குறைய சரி" என்ற பதில் அங்கே யாருக்கும் வேண்டாம்.

இரண்டாவது சங்கடம் சாயந்திரம் வந்தது. புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாப் பையனை விட்டு ஏதாவது கேட்கச் சொன்னாளாம். அவன் விளையாட்டாக, "முன்பணம் வாங்கியவர்கள் யார்?" என்று கேட்டான். தொழிலாளர் பெயரும், யார் எவ்வளவு வாங்கி எவ்வளவு பாக்கி என்ற கணக்கும் வரிசையாக வந்து நின்றன. மகள் கல்யாணத்துக்கு வாங்கியவர், வைத்தியத்துக்கு வாங்கியவர், எல்லாம்.

யந்திரம் பூட்டை உடைக்கவில்லை, சகோதரிகளே. யாருக்கு எந்தக் காகிதத்தைத் திறக்க அனுமதி உண்டோ, அவருக்கு அதிலிருந்துதான் பதில் சொல்லும். அந்த அடுக்கை என்றைக்கோ ஒருவர் அவசரத்தில் "கம்பெனியில் எல்லோரும் பார்க்கலாம்" என்று திறந்துவிட்டிருந்தார். இத்தனை காலம் யாரும் தேடிப் போகவில்லை, அதனால் ரகசியமாக இருந்தது. பரண் மேல் போட்ட பெட்டியைப் பூட்டினதாக நாம் நினைத்துக்கொள்வதில்லையா, அந்த மாதிரி.

பெண்ணுக்கு இது முன்னாலேயே அகப்படாததற்கும் காரணம் உண்டு. அவள் கிடங்கின் பொறுப்பாளர். எல்லாக் காகிதமும் அவளுக்குத் திறக்கும். அவள் கேட்டால் எல்லாம் வருவது நியாயம்தானே! கடைசிப் படியில் இருப்பவரின் கணக்கில் நுழைந்து கேட்டால்தான் ஓட்டை தெரியும். இந்த வேலையைச் செய்யப்போகிறவர்கள் இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மூன்று வாரம் அவளுக்கு யந்திரத்தோடு வேலையே இல்லை. பீரோவோடுதான் வேலை. போர்மேன் அண்ணாச்சியை அருகில் உட்காரவைத்து, ஒவ்வொரு காகிதமாகக் காட்டி, "இது செல்லுமா, செல்லாதா?" என்று கேட்டாள். செல்லுவதெல்லாம் "நடப்பில் உள்ளவை" என்ற ஒரே அடுக்குக்கு. செல்லாதது பூட்டிய அடுக்குக்கு. படங்களை எழுத்தாக்கினாள். சம்பளக் கணக்கை உரிய இரண்டு பேருக்கு மட்டும் திறந்து வைத்தாள்.

நடுவே தமிழ் வந்து மறித்தது. தொழிலாளருக்கான பாதுகாப்பு அறிவிப்புகள் பழைய பாமினி எழுத்தில் இருந்தன. அச்சகங்கள் நிறைந்த ஊராயிற்றே, கேட்பானேன்! பாமினியில் "அம்மா" என்று அடித்தால் நமக்கு அம்மா. யந்திரத்துக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். தமிழக அரசு 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும் எத்தனையோ ஆபீஸ்களில் இந்தப் பழைய எழுத்து போகவில்லை. அறிவிப்புகள் அத்தனையையும் யூனிகோடுக்கு மாற்றி, வரிவரியாகச் சரிபார்த்தாளாம். அவள் கண்ணாடி மாற்றியிருப்பதன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கடைசியில், உதவியாளருக்கு "நடப்பில் உள்ளவை" அடுக்கை மட்டும் காட்டினாள். நாலு வரி உத்தரவையும் திருத்தி எழுதினாள். அந்த அடுக்கில் இல்லாததைச் சொல்லாதே. எந்தக் காகிதத்திலிருந்து எடுத்தாய் என்று காட்டு. மருந்து அளவு கேட்டால் பதில் சொல்லாதே, போர்மேனிடம் அனுப்பு. உத்தரவை அது எப்போதும் மதிக்கும் என்று நம்பிவிடாமல், மருந்துப் பட்டியல்களை அந்த அடுக்கிலிருந்தே எடுத்துவிட்டாள். கெட்டிக்காரி! எங்கள் வீட்டுப் பெண் என்பதற்காகச் சொல்லவில்லை.

திறப்பு விழா அன்று முதல் கேள்வியைப் போர்மேன் அண்ணாச்சிதான் போட்டாராம். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, மத்தாப்பு மருந்தின் அளவு என்ன என்று கேட்டார். பதில் வந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதை இரண்டு தரம் படித்தார்.

"ஏ தாயி, என்னையப் பத்தி எங்கிட்டயே சொல்லுதே! போர்மேனைக் கேக்கணுமாம்லா?"

சொல்லிவிட்டு, அந்தப் பதிலைக் காகிதத்தில் அச்செடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாராம், வீட்டில் காட்டுவதற்கு.