வளையும் மூங்கிலும் வேரூன்றும் நிலமும்

மலையக மக்களை மூங்கிலுக்கு உவமிப்பது மேடைப் பேச்சாளர்க்கு வழக்கமாகிவிட்டது. புயலுக்கு வளைவர், ஆனால் முறியார் என்பர். புகழுரைபோல் தோன்றும் இவ்வுவமையின் உட்பொருள், 'என்றும் வளைந்தே இருங்கள்' என்னும் அறிவுரையே என்பது கூர்ந்து நோக்குவார்க்குப் புலனாகும்.

இலக்கியம் பயில்வோரும் இதற்குப் புறம்பானவரல்லர். மகளிர் தோளுக்கு வேயை உவமை கூறும் சங்கச் செய்யுள்களில் திளைப்போர், கொழுந்துக்கூடை சுமக்கும் தோளை எண்ணிப் பார்ப்பதில்லை. பறம்புமலை உழாமலே தரும் நான்கு விளைபொருள்களுள் மூங்கில்நெல்லைக் கபிலர் முதலில் வைத்தார் (புறநானூறு 109). முற்றுகையிட்ட வேந்தர் பறம்பைப் பசியால் பணியவைக்க இயலாது என்பதே அவரது வாதம். மலை அதில் வாழ்ந்தோர்க்கு உரியதாயிருந்தமையால் அதன் மூங்கிலும் அவர்க்குப் பயன்பட்டது.

ஊவாவின் நிலை வேறு. 19ஆம் நூற்றாண்டில் பர்மாவின் பெருமூங்கில் பேராதனைப் பூங்காவில் நடப்பட்டது. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பெருந்தோட்டப் பயிராயிற்று. தமிழகத்திலிருந்து தொழிலாளர் கொணரப்பட்டனர். மூங்கிலும் தேயிலையும் மண் பெற்றன. மக்களுட் பெரும்பான்மையோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையும் இழந்தனர். எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது, நிலவுரிமையை வழங்கவில்லை.

எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்தைக் காணவரும் உல்லாசப் பயணியர், கூடை சுமக்கும் பெண்ணையும் படம்பிடிக்க விழைகின்றனர். கூடையோ பல தோட்டங்களில் நைலோன் பைக்கு இடங்கொடுத்துவிட்டது. சுளகு, ஏணி, பந்தற்கால், ஊற்றுநீர் கொணரும் பீலி என விரிந்த மூங்கிற் பயன்பாடும் சுருங்கிவருகிறது. பிளாஸ்டிக்கே இதற்குக் காரணம் என்பது அரைகுறை விளக்கம். மூங்கிற் புதர் நல்ல கழிகளைத் தர ஐந்தாறு ஆண்டுகளேனும் செல்லும். தனதல்லாத லயத்தின் பின்புறத்தில் அத்தனை ஆண்டுகளை எண்ணி நடுபவர் யார்? தோட்டநிலம் அரசினது; 1992 முதல் அதன் முகாமை கம்பனிகளினது. தொழிலாளிக்கு வாக்களிக்கப்படுவதோ ஏழு பேர்ச்சும் பத்துப் பேர்ச்சுமே. அதில் வீடு அமையும், வாழ்வாதாரம் அமையாது.

மண்சரிவைத் தடுக்க மூங்கில் நடுவோம் என்று சிலர் கூறுவர். மூங்கிலின் வேர் மேல்மண்ணையும் ஓடைக்கரையையும் காக்கும். ஆழத்திலிருந்து பெயரும் மலையை நிறுத்தாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டபின், வேண்டுவது பாதுகாப்பான நிலமே என்பதில் ஐயமில்லை.

மூங்கில் வளைந்து நிமிர்வது அதன் வேர் நிலத்தைப் பற்றியிருப்பதால். அந்நிலத்தை மறுத்துவிட்டு வளைதலை மட்டும் பாராட்டுவது ஏமாற்று. உவமைகளை நிறுத்திக் காணியுறுதிகளைக் கோருவதே கற்றோர் கடன்.