சேவல் பார்த்த முட்டை விஷமாய்யா?

எங்கள் தெருவில் ஒரு ஆயா இருக்கிறார். 8 பெட்டைக் கோழி, 1 சேவல். அதுதான் அவருடைய மொத்த மூலதனம் (காமர்ஸ் படிக்கிறவன் கண்ணுக்கு எல்லாமே மூலதனமாகத்தான் தெரியும், மன்னிக்கவும்). போன மாதம் வரை எதிரே இருக்கும் அடுக்குமாடிக்காரர்கள் அவரிடம்தான் நாட்டுக்கோழி முட்டை வாங்கினார்கள். ஒரு நாள் யாரோ உடைத்த முட்டையில் மஞ்சள் மேல் சிவப்பாக ஒரு பொட்டு. "ஐயோ, சேவல் சேர்ந்த முட்டை, உள்ளே குஞ்சு, சாப்பிட்டா விஷம்" என்று மாடி மாடியாகச் செய்தி பரவியது. அவ்வளவுதான், ஆயாவின் வியாபாரம் படுத்துவிட்டது.

என்ன கொடுமை சார் இது?

முதலில் அந்த ரத்தப் பொட்டு. கோழியின் சினைப்பையிலிருந்து மஞ்சள் பிரிந்து வரும்போது சின்ன ரத்தக்குழாய் ஏதாவது உடைந்தால் அது வரும். சேவல் முகத்தையே பார்க்காத பண்ணைக் கோழியின் முட்டையிலும் வரும். கத்தி நுனியால் எடுத்துப் போட்டுவிட்டு ஆம்லெட் போடலாம். எடுக்காமலே போட்டாலும் ஒன்றும் ஆகாது.

பாதிக் குழப்பம் நம் மொழியால் வந்தது என்று நினைக்கிறேன். வயிற்றில் இருப்பதும் கரு, முட்டைக்குள் இருப்பதும் மஞ்சள் கரு, வெள்ளைக் கரு. அதனால் மஞ்சள்தான் குஞ்சாக மாறுகிறது என்று எம்.காம். படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். மஞ்சள் என்பது குஞ்சுக்கான கட்டுச்சோறு மட்டுமே. குஞ்சாக மாறக்கூடியது மஞ்சள் மேல் ஒட்டியிருக்கும் சில மில்லிமீட்டர் வெள்ளைப் புள்ளி. அது எல்லா முட்டையிலும் உண்டு. சேவல் சேராத முட்டையில் ஒழுங்கில்லாத சின்னப் புள்ளியாக இருக்கும், சேர்ந்ததில் கொஞ்சம் பெரிதாக, வளையம் போட்டாற்போல் தெரியும். இவ்வளவுதான் வித்தியாசம். சத்தில் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

அந்தப் புள்ளி குஞ்சாக வேண்டுமென்றால் கோழி அடைகாக்க வேண்டும், அல்லது இன்குபேட்டரில் ஏறக்குறைய 37.5 டிகிரி செல்சியஸில் 21 நாள் இருக்க வேண்டும். சுமார் 20 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி அப்படியே நின்றுவிடும். ஃப்ரிட்ஜில் வைத்த முட்டைக்குள் குஞ்சு வளர வாய்ப்பே இல்லை.

இங்கேதான் நேர்மையாக ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 20 டிகிரி என்பது வெள்ளைக்காரன் ஊர்ச் சமையலறைக்குச் சரி. நம் ஊரில் மே மாதம் சமையலறை 35-ஐத் தொடும். அந்தச் சூட்டில் நாலைந்து நாள் கூடையில் கிடந்தால் கரு கூடிய முட்டை அரைகுறையாக வளர ஆரம்பித்து, பிறகு செத்து, சீக்கிரம் கெட்டுப்போகும். ஆகவே தினமும் பொறுக்க வேண்டும், உடனே விற்க வேண்டும், வாங்கியவர் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். சந்தேகமா? இருட்டில் செல்போன் டார்ச்சை முட்டையின் அகலமான முனையில் வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி ரத்தநாளம் தெரிந்தால் வேண்டாம். பிலிப்பைன்ஸில் இரண்டு வாரத்துக்கு மேல் வளர்ந்த வாத்து முட்டையையே வேகவைத்து 'பலூட்' என்று ரசித்துச் சாப்பிடுகிறார்கள் என்பது வேறு கதை. நம்மால் முடியாதுப்பா.

உண்மையில் பயப்பட வேண்டியது சால்மோனெல்லா கிருமிக்கு. அதற்குச் சேவல் வந்ததா, வரவில்லையா என்ற கவலையெல்லாம் கிடையாது. அழுக்கு ஓடு, கீறல் விட்ட ஓடு, அரைவேக்காடு, இவைதான் அதன் நண்பர்கள். வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும்வரை வேகவைத்தால் அதன் கதை முடிந்தது. ஆனால் இங்கே நடப்பதைப் பாருங்கள். ஆயாவின் முட்டையை விஷம் என்று சொன்ன அதே வீட்டில், பெண் வயசுக்கு வந்தால் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் காலையில் வாயில் ஊற்றுவார்கள்! தம்பி தினமும் ஆஃப்பாயில் உறிஞ்சுவான். பச்சை முட்டையின் புரதத்தில் பாதியளவுதான் உடம்பில் சேருகிறது, வேகவைத்தால் 90 சதவீதம் என்று 1998-இல் பெல்ஜியத்தில் அளந்தே பார்த்துவிட்டார்கள். ஆபத்தும் அதிகம், லாபமும் குறைவு. எந்த முதலீட்டாளன் ஒத்துக்கொள்வான்?

எதிர்க்கட்சியையும் விடக்கூடாது. "சேவல் சேர்ந்த முட்டைதான் உயிர்ச்சத்து, கடை முட்டை வெறும் சக்கை" என்று 3 மடங்கு விலை சொல்கிறவர்களும் சும்மா கதை விடுகிறார்கள். கடை முட்டை பொரியாத முட்டைதான், கூமுட்டை என்று திட்டிக்கொள்ளுங்கள். புரதம் புரதம்தான்.

'உள்ளே உயிர் இருக்கிறது, அதனால் சாப்பிட மாட்டேன்' என்றால் அது மனசாட்சி, அதில் எனக்குச் சண்டை இல்லை. பால் குடிக்கிறவர்கள் கரு கூடாத முட்டையைச் சாப்பிடத் தடையில்லை என்று காந்தியே எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவே கோடு போட அவரவருக்கு உரிமை உண்டு. ஆனால் மனசாட்சிக்கு 'விஷம்' என்று பெயர் வைத்து ஒரு கிழவியின் பிழைப்பில் மண் போடாதீர்கள்.

நேற்று ஆயாவிடம் 6 முட்டை வாங்கினேன். "பார்த்து தம்பி, அதுல குஞ்சு இருக்காம்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

டிஸ்கி: ஆயா எனக்குச் சொந்தமில்லை. கமிஷனும் கிடையாது :-)