விடுமுறையும் ஒரு களம்தான்



சேரிப் பிள்ளைகளுக்காக ஆல்காட் அடையாறில் பள்ளி திறந்தது 1894-ல். அதே வட்டாரத்து ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் உருவாக 2014 வரை ஆயிற்று. மறு வருஷமே, மே மாத விடுமுறையில், ஒரு மொட்டைக் கடிதத்தைத் தொடர்ந்து நிர்வாகம் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தது. ஆளில்லாத நேரம், யார் கேட்கப்போறான்னு நினைத்தார்களோ? நாடெங்கும் கேட்டார்கள். 2015 ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பி வந்தது.

இதில் எனக்குக் கிடைத்த பாடம் ஒன்று: லீவு நாளிலும் எதிரி ஓய்வதில்லை, நாமும் ஓயக் கூடாது.

விடுதியைக் காலி பண்ணிட்டு ஊருக்கு வரும் தம்பி, தங்கைகளே! பெட்டியில் அம்பேத்கரையும் எடுத்துட்டு வாங்க. சேரித் திண்ணையில் நாலு பேரைக் கூட்டிப் படிங்க. அந்த வட்டத்துக்கு எவன் அங்கீகாரமும் தேவையில்லை. எவனும் ரத்து பண்ணவும் முடியாது.