விசிறி சுற்றினால் போதுமா?

கம்ப்யூட்டர் தானாக அணைந்தால் கடைக்காரர்கள் முதலில் பழி போடுவது மதர்போர்டின் மேல்தான். நான் எஸ்.எம்.பி.எஸ்ஸைத்தான் முதலில் சந்தேகிப்பேன். அதைத் தனியே கழற்றி, 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் கறுப்பையும் ஜெம் கிளிப்பால் இணைக்கிறார்கள். விசிறி சுற்றியதும் ‘சப்ளை ஓ.கே.’ என்று தீர்ப்பு! சுமையே இல்லாமல் பார்த்தால் என்ன தெரியும்?

பேரன் சேர்த்த மெஷின் கேம் ஆரம்பித்தால் மட்டும் அணைந்தது. போர்டு மாற்ற எட்டாயிரம் கேட்டார்கள். கேம் ஓடும்போதே மஞ்சள் ஒயரில் மல்டிமீட்டர் வைத்தேன். 12 வோல்ட் 11.4க்குக் கீழே போகக்கூடாது, 10.9 காட்டியது. சப்ளையை மட்டும் மாற்றினோம். போர்டு அதேதான், ஓடுகிறது.

கேபினட்டோடு இனாமாக வந்த சப்ளை அது. மேலே 450 வாட்ஸ் ஸ்டிக்கர் வேறு! 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள்.